டைசனும் கஸ் டமாட்டோவும்: ஒரு பெரியவரால் ஒரு பையனுக்கு எவ்வளவு செய்ய முடியும்?

1980-இல் நியூயார்க் மாநிலத்தில் கேட்ஸ்கில் என்ற சிற்றூரில் போலீஸ் ஸ்டேஷனுக்கு மேல்மாடியில் ஒரு குத்துச்சண்டை ஜிம் இருந்தது. சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்த ஆலோசகர் ஒருவர், அங்கே அடைக்கப்பட்டிருந்த 13 வயதுப் பையனை அந்த ஜிம்முக்குக் கூட்டி வந்தார். பையன் 85 கிலோ எடைக்கு வளர்ந்திருந்ததால், வயதைச் சொன்னபோது நம்புவதற்கே கஷ்டமாக இருந்தது. ஆலோசகரும் பையனும் ரிங்கில் ஏறிச் சில ரவுண்டுகள் மோதினார்கள். ஓரமாக நின்று பார்த்த 72 வயதுப் பயிற்சியாளர் கஸ் டமாட்டோ, இவன் சொன்னபடி கேட்டால் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆவான் என்று அப்போதே சொல்லிவிட்டார். 1986 நவம்பர் 22 அன்று லாஸ் வேகாஸில் அப்படியே நடந்தது. 20 வயது 4 மாதத்தில் மைக் டைசன் பட்டம் வென்றார், அந்த எடைப் பிரிவில் அவ்வளவு இளம் வயதில் அதற்கு முன் யாரும் வென்றதில்லை.

கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். தெருவில் கெட்டலைந்த பையனை ஒரு பெரியவர் கைதூக்கி விட்டார், அவன் ஆளாகிவிட்டான், அவ்வளவுதான். நம் வீடுகளிலும் பையன் கைமீறிப் போனால் முதலில் வருகிற யோசனை இதுதானே, நல்ல ஆள் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டால் சரியாகிவிடுவான் என்பது. கஸ் டமாட்டோ மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனாலேயே இந்தக் கதையைப் பாதியில் விட மனம் வரவில்லை. அவர் டைசனுக்குக் கொடுத்தது மிகப் பெரிது. ஆனால் ஒன்றைக் கொடுக்காமல் விட்டார். அது அறியாமல் நடந்ததில்லை, அந்தப் பையன் அவருக்கே தேவைப்பட்டதால் நடந்தது என்பது என் கணிப்பு. ஒரு பிள்ளையைப் பெரியவர் ஒருவரின் கையில் கொடுக்கும் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

டைசன் 1966 ஜூன் 30 அன்று புரூக்ளினில் பிறந்தார். அப்பா என்று அவர் அறிந்த ஆள், அவர் பிறந்த காலத்திலேயே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா லோர்னாவுக்குப் பண நெருக்கடி கூடக்கூட, குடும்பம் ஒவ்வொரு வீடாக மாறி, பையனுக்கு 10 வயதாகும்போது பிரவுன்ஸ்வில் என்ற பகுதிக்கு வந்து சேர்ந்தது. 1975-இல் நியூயார்க் நகர நிர்வாகமே திவாலாகும் நிலைக்குப் போயிருந்தது. பிரவுன்ஸ்வில் மாதிரியான பகுதிகளில் எரிந்துபோன, ஆளில்லாத கட்டடங்கள் வரிசையாக நின்றன. இந்தப் பையனுக்குக் கீச்சுக் குரல், பேச்சில் நாக்கு தடிக்கும். பெரிய பையன்கள் கேலி செய்வார்கள், அடிப்பார்கள், கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வார்கள். அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் மொட்டை மாடியில் வளர்த்த புறாக்கள். ஒருநாள் பெரிய பையன் ஒருவன் அவற்றில் ஒரு புறாவின் தலையைத் திருகிப் பிய்த்துப் போட்டான். அன்றுதான் டைசன் முதல்முதலாகத் திருப்பி அடித்தான்.

அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டது, அடித்தால் யாரும் கிட்டே வரமாட்டார்கள் என்பது. அந்தத் தெருவில் அது உண்மையாகவும் இருந்தது. அப்புறம் திருட்டு, வழிப்பறி, சண்டை. 13 வயதுக்குள் 38 முறை கைதானான் என்பதுதான் எல்லாரும் சொல்லும் கணக்கு. பிராங்ஸில் இருந்த ஸ்பாஃபர்ட் சிறார் காவல் இல்லத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்து, கடைசியில் மாநிலத்தின் வடக்கே ஜான்ஸ்டவுன் பக்கம் இருந்த டிரையான் சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அம்மா தன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டு ஒருநாளும் கண்டதில்லை என்று டைசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாத புதுத்துணியோடு வீடு திரும்பும் பையன் என்றுதான் அம்மாவுக்கு அவனைத் தெரியும்.

டமாட்டோவுக்கு முன்னால் இன்னொரு பெரியவர் இருந்தார். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. டிரையானில் ஆலோசகராக இருந்த பாபி ஸ்டூவர்ட், முன்பு குத்துச்சண்டை வீரராக இருந்தவர். ரொம்ப முரண்டு பிடிக்கும் பையன்களை அடைத்து வைக்கும் எல்ம்வுட் என்ற விடுதியில் அவருக்கு வேலை. டைசனை அங்கே கொண்டுபோய்ப் போட்டபோது, எனக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுங்கள் என்று அவனே போய்க் கேட்டான். ஸ்டூவர்ட் உடனே கையுறையை எடுத்து நீட்டவில்லை. முதலில் ஒழுங்காக நடந்து காட்டு, வகுப்பில் உட்கார்ந்து படி, அப்புறம் பார்க்கலாம் என்றார். பையன் நடந்து காட்டினான். வாசிப்பும் மேம்பட்டது. ஸ்டூவர்ட் ரிங்கில் அவனுக்குச் சலுகை எதுவும் தரவில்லை, நன்றாகவே அடித்தார். பையன் அறைக்குத் திரும்பிய பிறகும் இருட்டில் தனியாகப் பயிற்சி செய்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். கொஞ்ச காலத்தில், இவனுக்குத் தேவையானது தன்னிடம் இல்லை என்று ஸ்டூவர்ட்டுக்குப் புரிந்துவிட்டது. அப்போதுதான் கேட்ஸ்கில்லுக்குக் கூட்டிப் போனார். இந்த இடத்தில் எனக்கு ஸ்டூவர்ட் மேல் மரியாதை இன்னும் கூடுகிறது. தன் கண் முன்னால் வளர்ந்த திறமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள எத்தனை பேர் ஆசைப்படுவார்கள்! அவர் சரியான ஆளைத் தேடி, காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஒப்படைத்தார். ஒழுங்கு முதலில், குத்துச்சண்டை பிறகு என்ற வரிசையையும் அவர்தான் போட்டுக் கொடுத்தார்.

அதே ஆண்டு டைசன் டிரையானிலிருந்து விடுவிக்கப்பட்டு, டமாட்டோவின் பொறுப்பில் கேட்ஸ்கில்லுக்குக் குடிவந்தான். ஹட்சன் ஆற்றை ஒட்டிய பெரிய பழைய வீடு. டமாட்டோவின் வாழ்க்கைத் துணையான காமில் எவால்டுக்குச் சொந்தமானது. எப்போதும் நாலைந்து இளம் குத்துச்சண்டைக்காரர்கள் அங்கே தங்கியிருப்பார்கள். எல்லாருக்கும் வீட்டு வேலை உண்டு. காமில் சமைத்தார், சாப்பாட்டு மேசையில் எப்படி உட்கார வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நாடெங்கும் பெயர் தெரிந்த வீரன் ஆன பிறகும் இந்த வீட்டில் அவன் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருந்தது. அதுவரை அவனுக்கென்று ஒரு நிலையான வீடு இருந்ததில்லை, சாப்பாட்டு நேரம் என்ற ஒன்றும் இருந்ததில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், ஜிம்மில் கிடைத்ததைவிட இது சின்ன விஷயம் என்று சொல்ல மனம் வராது.

டமாட்டோ ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார். வரலாறு, போர்கள், பழைய சாம்பியன்கள், மனித மனம். பிரான்சின் எமில் கூவே சொல்லிவந்த 'ஒவ்வொரு நாளும் எல்லா விதத்திலும் நான் மேலும் மேலும் மேம்படுகிறேன்' என்ற வாக்கியத்தைப் பையனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். மனவசியம் செய்பவரிடம்கூட அழைத்துப் போனார். ஆனால் அவர் கற்றுக்கொடுத்ததில் நடு மையமானது பயத்தைப் பற்றியது. பயம் நெருப்பு மாதிரி, கட்டுக்குள் வைத்தால் சோறு சமைக்கும், வீட்டைச் சூடாக வைக்கும், கைவிட்டுப் போனால் எல்லாவற்றையும் எரித்துவிடும் என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன பேச்சு. வீரனும் கோழையும் உள்ளே ஒரே மாதிரிதான் பயப்படுகிறார்கள், வீரன் பயத்தோடேயே செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறான் என்பார்.

இதை ஒரு பொன்மொழியாகப் படித்துவிட்டுக் கடந்துபோவது எளிது. பிரவுன்ஸ்வில்லிலிருந்து வந்த பையனின் காதில் இது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவனைப் பார்த்த எல்லாரும், போலீஸ், நீதிமன்றம், பள்ளி, தெரு, எல்லாருமே அவனை மற்றவர்கள் பயப்பட வேண்டிய ஆளாகத்தான் பார்த்தார்கள். உள்ளே அவன் எவ்வளவு பயந்து கிடக்கிறான் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் டமாட்டோ. கண்டுபிடித்ததோடு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். 1982-இல் ஜூனியர் ஒலிம்பிக் போட்டிக்குப் போன இடத்தில், இறுதிச் சுற்றுக்கு முன்னால் பயிற்சியாளர் டெடி அட்லஸின் தோளில் சாய்ந்து டைசன் விசும்பி அழும் படச்சுருள் ஒன்று இருக்கிறது. தோற்றுப்போனால் யாருக்கும் தன்னைப் பிடிக்காமல் போய்விடும் என்ற கவலை. முந்தின ஆண்டு அதே போட்டியின் இறுதிச் சுற்றில் எதிராளியை 8 நொடியில் வீழ்த்தியவன் அவன்! அன்றும் உள்ளே போய் ஜெயித்தான். ஆனால் அந்த அழுகையை, ஜெயித்தால்தான் இந்த வீட்டில் எனக்கு இடம் என்று ஒரு பிள்ளை நம்பத் தொடங்கிவிட்டதன் அடையாளமாகவும் நான் பார்க்கிறேன்.

வழிகாட்டி உறவு எப்படி வேலை செய்கிறது என்பதை அமெரிக்காவில் கொஞ்சம் கவனமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற அமைப்பு, 1904-இல் நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கூல்ட்டர் தொடங்கிய இயக்கத்திலிருந்து வளர்ந்தது. அந்தத் திட்டத்தில் 10 முதல் 16 வயது வரையான 959 பேரை வைத்து நடந்த ஆய்வு 1995-இல் வெளியானது. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பெரியவர் துணை கிடைத்த பிள்ளைகள் போதைப் பழக்கத்தைத் தொடங்குவது, துணை கிடைக்காதவர்களைவிட 46% குறைவாக இருந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு 82 ஜோடிகளை நெருங்கிக் கவனித்தது. வந்த முதல் நாளிலிருந்தே பையனைத் திருத்த வேண்டும், மார்க் ஏற வேண்டும், பழக்கம் மாற வேண்டும் என்று இலக்கு வைத்துக்கொண்டு பழகிய பெரியவர்களின் உறவு பெரும்பாலும் கசந்து முறிந்தது. முதலில் பையனோடு பழகி, அவனுக்குப் பிடித்ததைச் சேர்ந்து செய்து, நம்பிக்கை வந்த பிறகு மெல்ல மற்ற விஷயங்களுக்குப் போனவர்களின் உறவுதான் நிலைத்தது.

டமாட்டோ இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பழகுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, பொறுமையாகக் கேட்பார், நாள் முழுக்கக் கூடவே இருப்பார். ஆனால் இலக்கு முதல் நாளே முடிவாகிவிட்டது. உலக சாம்பியன். அதற்குக் குறைந்த எதுவும் இல்லை.

அந்த இலக்கு பையனுடையது மட்டும் கிடையாது. டமாட்டோ 1908-இல் பிராங்ஸில் பிறந்தவர். சிறுவயதுத் தெருச் சண்டையில் ஒரு கண்ணின் பார்வை போனது. 1950-களில் குத்துச்சண்டைத் தொழிலையே கைக்குள் வைத்திருந்த ஒரு கூட்டத்தை எதிர்த்து நின்று, தன் வீரர்களை அவர்களுக்கு விற்காமல் பாதுகாத்தவர். ஃபிளாய்ட் பேட்டர்சன், ஹோசே டோரஸ் என்று இரண்டு உலக சாம்பியன்களை உருவாக்கினார். பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாது, 1971-இல் திவாலானார். 1980-இல் அவர் ஒதுங்கிப்போன, உலகம் மறந்துவிட்ட மனிதர். ஜிம் ஜேக்கப்ஸ், பில் கேட்டன் என்ற இரண்டு நண்பர்களின் பண உதவியில்தான் அந்த வீடும் ஜிம்மும் ஓடின. அந்த நேரத்தில் இந்தப் பையன் வந்து நின்றான். இவன் மட்டும் இல்லையென்றால் நான் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டேன் என்று டமாட்டோ பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார். மனம் நெகிழ வைக்கும் பேச்சுதான். ஆனால் ஒரு 14 வயதுப் பையன் ஒரு முதியவரின் உயிர்ப்பிடிப்பாக இருப்பது அந்தப் பையன் தலையில் எவ்வளவு பெரிய பாரம்? அந்தப் பெரியவரால் அவனிடம் 'கூடாது' என்று எத்தனை முறை உறுதியாகச் சொல்ல முடியும்?

1982-இல் அதற்கான பதில் தெரிந்தது. டெடி அட்லஸும் டமாட்டோவால் கைதூக்கிவிடப்பட்டவர்தான். ஸ்டேட்டன் தீவில் டாக்டர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து, தடம் மாறிக் கொள்ளை வழக்கில் சிறை போனவர். நீதிமன்றத்துக்கு வந்து அவருக்காகப் பேசியவர் டமாட்டோ. அட்லஸ் ஜிம்மில் கண்டிப்பானவர். பள்ளியில் டைசன் தகராறு செய்தால், கொஞ்ச நாள் ஜிம் பக்கம் வரக்கூடாது என்று நிறுத்தி வைக்க வேண்டும் என்பார். மற்ற பையன்களுக்கு அந்த விதி உண்டு. டைசனுக்கு மட்டும் டமாட்டோ குறுக்கே வந்து விலக்கு வாங்கிக் கொடுத்தார். பையன் பள்ளிப் படிப்பையே விட்டான், பயிற்சி மட்டும் ஒருநாள்கூட நிற்கவில்லை. பிறகு அட்லஸின் மனைவி வீட்டைச் சேர்ந்த ஒரு சிறுமியிடம் டைசன் தகாத முறையில் நடந்துகொண்டான் என்று தெரியவந்தபோது, அட்லஸ் துப்பாக்கியை எடுத்துப்போய் அவன் காதோரம் வைத்து மிரட்டினார். இதை அட்லஸே பலமுறை பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். துப்பாக்கியைத் தூக்கியதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு எடுக்கப்பட்ட முடிவைப் பாருங்கள். அட்லஸ் வெளியே போனார், டைசன் இருந்தான். கெவின் ரூனி பயிற்சிப் பொறுப்பை எடுத்துக்கொண்டார், வேலை தொடர்ந்தது.

அந்தச் சிறுமிக்கு என்ன நியாயம் கிடைத்தது என்ற கேள்வி இந்தக் கதையைச் சொல்பவர்களுக்குத் தோன்றுவதேயில்லை, எனக்கு அது பெரிய வேதனை. அதோடு, 16 வயதை எட்டிக்கொண்டிருந்த பையனும் அன்று ஒன்றைக் கற்றுக்கொண்டான். விதிகள் மற்றவர்களுக்கு, நான் ஜெயித்துக்கொண்டே இருக்கும்வரை எதையும் யாராவது சமாளித்துவிடுவார்கள் என்பது. டமாட்டோ இதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள். அதே 1982-இல் டைசனின் அம்மாவும் புற்றுநோயில் இறந்துபோனார். பின்னர் டமாட்டோ சட்டப்படி அவனுடைய பாதுகாவலர் ஆனார். இனி அவனைப் பொறுத்தவரை எல்லா உறவும் அந்த ஒரு மனிதருக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இங்கே ஃபிளாய்ட் பேட்டர்சனைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. டைசன் முறியடித்த இளம் வயதுச் சாதனை அவருடையது, 1956 நவம்பர் 30 அன்று 21 வயதில் ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். அவரும் டமாட்டோவின் மாணவர், அவரும் புரூக்ளின் பையன், அவரும் தடுமாறிய பிள்ளை. 11 குழந்தைகள் இருந்த ஏழைக் குடும்பம். பள்ளிக்குப் போகாமல் சுரங்க ரயில் பாதையில் வேலையாட்கள் சாமான் வைக்கும் அறைக்குள் போய் ஒளிந்து கிடப்பான், சில்லறைத் திருட்டு வேறு. சுவரில் இருந்த போட்டோவில் தன் முகத்தின் மேல் தானே கீறல் போட்டு, இந்தப் பையனை எனக்குப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னவன். 10 வயதில் நீதிபதி அவனை ஹட்சன் ஆற்றங்கரையில் எசோபஸ் என்ற ஊரில் இருந்த வில்ட்விக் சிறுவர் பள்ளிக்கு அனுப்பினார். அந்தப் பள்ளிக்கு வேலியோ கம்பியோ கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில் ஹைட் பார்க்கில் வசித்த, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் ஆதரித்து வளர்த்த இடம். அப்போது பேட்டர்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வகுப்பில் வாயே திறக்க மாட்டான். ஆசிரியை ஒருவர் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து அவனைப் பேசவும் வாசிக்கவும் வைத்தார். அவரைப் பற்றிப் பேட்டர்சன் கடைசிவரை நன்றியோடு பேசினார்.

அந்த ஆசிரியைக்கு அந்தப் பையனால் ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லை. அவன் வாசித்தால் சந்தோஷம், அவ்வளவுதான். அங்கிருந்து வந்து, 14 வயதில்தான் மன்ஹாட்டனில் டமாட்டோ நடத்திய கிராமர்சி ஜிம்மின் படியேறினான். அதாவது டமாட்டோ கையில் கிடைக்கும்போதே, ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் அப்பால் தன்னை மதிக்கும் ஆட்கள் உலகத்தில் உண்டு என்று ஓரளவு தெரிந்துகொண்ட பையன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 17 வயதில் தங்கம் வாங்கினார். ரிங்கில் எதிராளியின் வாயிலிருந்து விழுந்த பல்காப்பைக் குனிந்து தேடி எடுக்க உதவிய ஆள். 1962-இல் சானி லிஸ்டனோடு மோத வேண்டாம் என்று டமாட்டோ தடுத்தபோது, இல்லை, மோதுவேன் என்று போனார். முதல் ரவுண்டிலேயே தோற்றார். டமாட்டோ சொன்னதுதான் சரியாகப் போயிற்று, ஆனால் குருவை மீறித் தன் முடிவைத் தானே எடுத்து, அதன் வலியையும் தானே சுமக்கும் அளவுக்கு அவர் வளர்ந்திருந்தார் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோல்விக்குப் பின் வெட்கத்தில் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு சிகாகோவிலிருந்து நழுவிப் போனார். அப்புறமும் உடைந்து போகவில்லை. 1963-இல் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனோடு பர்மிங்ஹாம் போய்க் கருப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தோடு நின்றார். பின்னாளில் நியூ பால்ட்ஸ் என்ற ஊரில் ஜிம் வைத்தபோது, அங்கே வந்துபோன டிரேசி ஹாரிஸ் என்ற சிறுவனைச் சட்டப்படி மகனாகவே தத்தெடுத்துக்கொண்டார். அந்தப் பையன் 1992-இல் உலக சாம்பியன் ஆனான்.

ஒரே குரு, இரண்டு பையன்கள். இதை வைத்து விதி எழுத முடியாது. காலம் வேறு, குணம் வேறு, 1940-களின் புரூக்ளின் வேறு, 1970-களின் பிரவுன்ஸ்வில் வேறு. ஆனாலும் பேட்டர்சனைத் தாங்கிய கைகள் பல. டைசனுக்குக் கடைசியில் மிஞ்சியது ஏறக்குறைய ஒரே ஒரு கை.

அந்தக் கையும் 1985 நவம்பர் 4 அன்று போய்விட்டது. டமாட்டோ நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் நிமோனியாவால் இறந்தார், வயது 77. டைசனுக்கு அப்போது 19. தொழில்முறைப் போட்டிகளில் இறங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, 11 போட்டி ஆடி 11-ம் ஜெயித்திருந்தார். 9 நாள் கழித்து ஹூஸ்டனில் அடுத்த போட்டி, அதிலும் இறங்கி ஜெயித்தார். துக்கத்துக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. ஒரு வருடத்தில் சாம்பியன். 1988 மார்ச்சில் ஜிம் ஜேக்கப்ஸும் இறந்தார், அந்த ஆண்டு முடிவதற்குள் ரூனியும் நீக்கப்பட்டார். குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்தும் டான் கிங் உள்ளே வந்தார். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் பட்டம் போயிற்று. 1992-இல் இண்டியானாபொலிஸ் நீதிமன்றம் 18 வயதுப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்த குற்றத்தில் அவருக்கு 6 ஆண்டு சிறை விதித்தது. அவர் இன்றுவரை மறுத்துத்தான் பேசுகிறார், ஆனால் தீர்ப்பு நின்றுவிட்டது. 1995 மார்ச்சில் வெளியே வந்தார். இதற்கெல்லாம் டமாட்டோதான் பொறுப்பு என்று சொன்னால் அது பெரிய அநியாயம். செய்தவர் டைசன், அப்போது அவர் வளர்ந்த மனிதர். டமாட்டோ இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று ரசிகர்கள் சொல்வதையும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. 1982-இல் டமாட்டோ இருந்தாரே.

டமாட்டோவோடு டைசன் இருந்தது ஐந்தாண்டுதான், இந்தக் கணக்கையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த வழிகாட்டி உறவுகளில் பிள்ளைகள் நன்றாகவே தேறினார்கள். மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளிலோ பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு முறை கைவிடப்படுவது சும்மா போகாது. இதைவிட அதிர்ச்சி தருவது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு. 506 சிறுவர்களில் பாதிப்பேருக்குச் சராசரியாக 5 ஆண்டு ஆலோசகர் உதவி, படிப்பு உதவி, கோடைக்கால முகாம் எல்லாம் கிடைத்தது. 30 ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் சில அளவுகளில் உதவி பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள், குடிப்பழக்கம், மறுபடி குற்றம், இளவயது மரணம் எல்லாவற்றிலும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அந்தத் திட்டம் தங்களுக்கு உதவியது என்றுதான் சொன்னார்கள்! ஏன் இப்படி என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. வெளி ஆட்களை ரொம்பவும் சார்ந்து பழகிவிட்டு, உதவி நின்றதும் தடுமாறினார்கள் என்பது அதில் ஒன்று.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த எம்மி வெர்னரின் ஆய்வு. வறுமை, குடும்பத்தில் குடி, சண்டை என்று எல்லாக் கஷ்டமும் சூழ்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடி வளர்ந்து வந்தார்கள். அவர்களைக் கூர்ந்து பார்த்தால், நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரு ஆளாவது ஒவ்வொருவருக்கும் இருந்தார், பாட்டி, அக்கா, சித்தி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று. அதிலும் பலருக்கு ஒருவர் இல்லை, இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டார்.

இந்த வெளிச்சத்தில் கேட்ஸ்கில் வீட்டைப் பார்த்தால், அங்கே குத்துச்சண்டையால் ஆதாயம் எதையும் எதிர்பார்க்காமல் இருந்தவர் காமில்தான். டமாட்டோ போன பிறகும், டைசன் கோடிகள் சம்பாதித்த காலத்திலும், அந்த வீட்டோடும் காமிலோடும் இருந்த தொடர்பை அவர் விடவில்லை, அந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். டமாட்டோவைப் பற்றிப் பேசும்போது இன்றும் அவர் கண் கலங்குகிறது, மறுபக்கம் தான் அவருக்கு ஒரு இலக்குக்கான ஆளாகவும் இருந்தோம் என்பதை அறிந்தே பேசுகிறார். அந்த இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும் என்றுதான் எனக்கும் படுகிறது.

விளையாட்டு, இசை, நடனம், போட்டித் தேர்வு, எதற்காக இருந்தாலும் சரி, வளரும் பிள்ளையை ஒரு பெரியவர் கையில் கொடுப்பவர்கள் அவருடைய திறமையையும் பெயரையும் விசாரிப்பதோடு நிறுத்தக்கூடாது. இந்தப் பையன் நாளைக்கே இதை விட்டுவிட்டால் இவர் இவனோடு பேசுவாரா? இவருடைய மிகச் சிறந்த மாணவன் தப்புச் செய்தபோது, சாதாரண மாணவனுக்குப் போட்ட விதியை அவனுக்கும் போட்டாரா? ஒரு பெரிய போட்டியைத் தியாகம் செய்தாவது தண்டித்த சம்பவம் ஏதாவது உண்டா? இதையெல்லாம் அவருடைய பழைய மாணவர்களைக் கேட்டாலே தெரிந்துவிடும், ஜெயித்தவர்களைவிட நடுவில் விட்டுப் போனவர்களைக் கேட்பது நல்லது. பதில் திருப்தியாக இல்லை என்பதற்காகப் பயிற்சியையே நிறுத்த வேண்டியதில்லை. அந்தப் பயிற்சிக்கும் பதக்கத்துக்கும் சம்பந்தமே இல்லாத இன்னொரு பெரியவரை, மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ பழைய ஆசிரியரோ, வாரம் ஒருமுறையாவது அவனோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.